வலி எத்தனை பாகம்?

பிப்ரவரி மாதம். தீவின் நடுவே ஹல்லா மலை உச்சியில் பனி இன்னும் கரையவில்லை. வார்டு சன்னல்களை எல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தார்கள். நர்ஸ் ஹிஜங் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மருந்து வண்டியைத் தள்ளி வந்தாள். அந்தக் குளிரில் ஆயா தல்சுன் மட்டும் ஹியோன் பெரியவரின் கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தன் ஓலைத் தொப்பியைக் கழற்றி வீசிக்கொண்டிருந்தாள்.

"அப்பப்பா, என்ன புழுக்கம்! உயிரே போகுது."

"புழுக்கமாக்கா? எனக்குப் பல்லு தந்தியடிக்குது" என்றாள் ஹிஜங்.

"உனக்கு ரத்தம் சுண்டிப்போச்சு. எனக்குக் கொழுப்பு ஜாஸ்தி. போ, போய் உன் வேலையைப் பாரு."

ஹிஜங் போகவில்லை. நின்று பார்த்தாள். தொப்பி ஆடியது என்னவோ தல்சுன் முகத்துக்கு நேராகத்தான். ஆனால் காற்றில் முக்கால்வாசி அந்தப் பக்கம் போய், ஹியோன் பெரியவரின் மூக்கிலும் கன்னத்திலும் பட்டது. பெரியவருக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. மூச்சை இழுக்கும்போது தோள் ரெண்டும் காதைத் தொட்டுவிட்டு வரும். நாற்பது வருஷம் கமலாப் பழத் தோட்டத்தில் ஒற்றை ஆளாகக் கூடை தூக்கியவர். ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாய்விட்டுக் கேட்கமாட்டார். இருபது நிமிஷத்தில் அந்தத் தோள்கள் மெல்ல இறங்கின. கண் சொருகியது. தல்சுன் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, "இப்பத்தான் வேர்வை அடங்குச்சு" என்று எழுந்து போனாள். அவள் நெற்றியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அடுத்த வாரம் டாக்டர் இம் வெளிநாட்டு ஆராய்ச்சித் தாள் ஒன்றைக் கொண்டுவந்து நர்ஸுகளுக்குப் படித்துக் காட்டினார். மூச்சுத் திணறுகிறவர்களின் முகத்தில் காற்றுப் படும்படி ஒரு சின்ன விசிறியைப் பிடித்தால் திணறல் குறைகிறதாம். எத்தனை பேருக்குப் பிடித்தார்கள், எத்தனை பேருக்குக் குறைந்தது என்று கட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள்.

"இது இங்க ஏற்கெனவே நடக்குது சார். தொப்பியில" என்று ஹிஜங் சிரித்துவிட்டாள்.

டாக்டர் தல்சுனைக் கூப்பிட்டுக் கேட்டார், இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று.

"எதை டாக்டர் தம்பி? எனக்கு வேர்த்துச்சு, வீசிக்கிட்டேன். அதுக்கு ஒரு தாளா?"

வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

தல்சுன் பிறந்தது கரியபாறைக் கரையில். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புவரை. பதினைந்து வயதில் மற்றப் பெண்களோடு கடலில் முக்குளித்துச் சிப்பி, சங்கு எடுக்கப் போனாள். முக்குளிக்கிறவர்களில் மூன்று வரிசை உண்டு. ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள்; இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். முதல் வரிசைக்காரிகள் எட்டுப் பாகம், ஒன்பது பாகம் ஆழத்துக்கு இறங்கிப் போய், சும்மா கடைக்குப் போய் வந்ததுபோல மேலே வருவார்கள். நடு வரிசைக்காரிகள் ஆறு பாகத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். தல்சுன் கடைசி வரிசை. மூன்று பாகம் போனாலே காது இரண்டும் 'கொய்ங்' என்று கத்த ஆரம்பித்துவிடும். அவள் வலை பாதிக்குமேல் நிறைந்தது கிடையாது. ஆனால் ஒரு நாளும் பாதி வலையோடு வீட்டுக்குப் போனதும் கிடையாது. கரையேறும்போது முதல் வரிசைக்காரி ஒருத்தி தன் வலையிலிருந்து ஒரு கை அள்ளி, பேசாமல் இவள் வலையில் போட்டுவிட்டுப் போவாள். நன்றி சொல்லக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது. அது அங்கே வழக்கம்.

காது ஒன்று முழுதாக அடைத்துப்போனதும் கடலை விட்டாள். கட்டிக்கொண்டவன் பழ லாரி ஓட்டியவன், நல்ல மனுஷன். அவனுக்கு வயிற்றில் புற்று வந்தது. கடைசி மூன்று மாதம் இந்த இருபது கட்டில் ஆஸ்பத்திரியில்தான் இருந்தான். கன்னியாஸ்திரிகள் நடத்துகிற இடம். இனி ஆகாது என்று பெரிய ஆஸ்பத்திரிகள் சொல்லி அனுப்பியவர்களை இங்கே வாங்கிக்கொள்வார்கள். நோயை விரட்டமாட்டார்கள், வலியை, வாந்தியை, மூச்சிரைப்பை விரட்டுவார்கள். இருக்கிற நாளை மனுஷனாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று பார்ப்பார்கள். அவன் அடக்கம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை காலை, தல்சுன் ஒரு வாளியோடு வாசலில் வந்து நின்றாளாம்.

"என்னம்மா?" என்றாராம் மூத்த சிஸ்டர்.

"வீட்டுல இருக்க முடியல சிஸ்டர். மாமியார் போட்டோ முறைக்குது. தரை துடைக்கவாவது வச்சுக்குங்க."

அன்று வந்தவள்தான். தரை துடைத்தாள், தலை அலசிவிட்டாள், நகம் வெட்டினாள், வெந்நீரில் கால் ஊறவைத்தாள். ஏப்ரனின் ஒரு பையில் ஜெபமாலை, மறு பையில் கடலுக்குப் போன காலத்துத் தலைவலிப் பொடி. தினம் பூசைக்கு முதல் ஆளாக வந்து கடைசி பெஞ்சில் உட்காருவாள். கூடவே, கடல் தேவதைக்கென்று நாள் பார்த்து ஒரு கிண்ணம் சோற்றைப் பாறை மேல் வைத்துவிட்டும் வருவாள். சிஸ்டர் கண்டுபிடித்துக் கேட்டபோது, "ஆண்டவரும் கடற்கரைக்காரங்ககூடத்தானே திரிஞ்சாரு? அவருக்குத் தெரியாததா" என்றாள். அன்று ராச்சாப்பாட்டில் சிஸ்டர் இரண்டு தடவை தனக்குள் சிரித்துக்கொண்டதை ஹிஜங் பார்த்தாள்.

இனி டாக்டர் இம் தானே செய்த ஆராய்ச்சிக்கு வருவோம்.

டாக்டர் இம் தலைநகரத்திலிருந்து வந்தவர். ஐம்பதைத் தொட்டவர், பொறுமைசாலி. இவர்களுக்கு எந்த மருந்து எவ்வளவு கொடுத்தால் வலி எவ்வளவு அடங்குகிறது என்று இரண்டு வருஷம் எழுதிப் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல். ஒரு முனையில் சைபர், மறு முனையில் பத்து. சைபர் என்றால் வலி இல்லை. பத்து என்றால் இதைவிடத் தாங்க முடியாது. நாளுக்கு மூன்று வேளை நோயாளிகளிடம் கேட்டு நோட்டில் எழுத வேண்டியது ஹிஜங் பொறுப்பு.

இரண்டாம் நம்பர் அறையில் நான்கு கட்டில். நான்கிலும் இருந்தவர்கள் ஒரு காலத்தில் முக்குளித்தவர்கள். அவர்களுக்குள் பெரியவள் மல்ஜா. பதினாறு வருஷம் முதல் வரிசையில் இருந்தவள், ஈரலில் நோய். குரல் மட்டும் இன்னும் அலைக்கு மேலே கேட்கும்.

"வலி எவ்வளவு மல்ஜாக்கா?" என்று ஹிஜங் ஸ்கேலை நீட்டினாள்.

"வலியா? ஒண்ணுமில்ல. டாக்டர் தம்பி முகம் ஏன் வாடிக்கெடக்கு? சாப்பிட்டாரா?"

"ஒண்ணுமில்லன்னா, சைபரா?"

"ஒண்ணுன்னு போட்டுக்கோ. உன் மனசு நோகக்கூடாதுல்ல."

நான்கு கட்டிலிலும் இதே கதை. ஒன்று, ஒன்று, ஒன்று, 'நல்லாத்தான் இருக்கேன்'. இரண்டு வாரம் நோட்டு முழுக்க ஒன்றுதான். ஆனால் தலையணைக்கு அடியில் கொடுத்த மாத்திரைகள் கிடந்தன. கேட்டால், "மாத்திரை வேலைக்குப் போற அன்னிக்குத்தானே? படுத்துக்கெடக்கிறதுக்கு எதுக்கு?" என்றார்கள். தலைவலிப் பொடியைப் போட்டுக்கொண்டு கடலில் குதித்தே பழகிய உடம்பு அவர்களுக்கு.

டாக்டர் நோட்டைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். தரை துடைத்துக்கொண்டிருந்த தல்சுன் நிமிர்ந்தாள்.

"டாக்டர் தம்பி, இவளுங்ககிட்ட ஸ்கேலைக் காட்டினா எப்படி? துணிக்கடையா இது? பாகத்துல கேளுங்க."

"பாகத்துலயா?"

"மேல மெதக்குதா, அடியில கெடக்குதா? வலி இன்னிக்கு எத்தனை பாகத்துல கெடக்குன்னு கேளுங்க. பத்துப் பாகத்துக்குக் கீழ எவளும் போனதில்ல. உங்க கணக்குக்கும் அது பத்துதானே?"

டாக்டர் மல்ஜாவின் கட்டிலருகே போய், கொஞ்சம் கூச்சத்தோடு, "அம்மா, வலி இன்னிக்கு எத்தனை பாகம்?" என்றார்.

மல்ஜா ஒரு நொடி கண்ணை மூடினாள். "எட்டு" என்றாள். "அசையாம கெடந்தா எட்டு. திரும்பிப் படுத்தா ஒன்பது."

அடுத்த கட்டில், "ஆறு." அதற்கடுத்தது, "அஞ்சு, ஆனா தண்ணி கலங்கலா இருக்கு." கலங்கல் என்றால் குமட்டல் என்று தல்சுன்தான் விளக்கினாள். டாக்டர் பேனாவைத் தேடினார். அன்று மருந்து மாறியது. மூன்றாம் நாள் மல்ஜா மூன்று பாகத்துக்கு வந்துவிட்டாள். சூப்பை இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"இத்தனை நாள் ஏன் சொல்லலம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"நீங்க கேக்கவே இல்லியே" என்றாள் மல்ஜா.

அந்த மாதம் ஆஸ்பத்திரி முழுக்க ஒரே பாகப் பேச்சு. சமையல்காரி உப்பை மூன்று பாகம் என்றாள். தல்சுன் நடையில் ஒரு சின்ன துள்ளல் வந்துவிட்டது. பூசையில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெஞ்ச் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான் ஒக்நிம் வந்தாள்.

ஒக்நிம் மல்ஜாவின் ஊர்க்காரி. ஒரே கடலில் முக்குளித்தவர்கள். ஆனால் ஒக்நிம், தல்சுனைப்போலக் கடைசி வரிசை. நோய் முதுகெலும்பில் இறங்கியிருந்தது. காலியான கட்டில் மல்ஜாவுக்குப் பக்கத்துக் கட்டில்; அதில் படுத்தாள். வந்த அன்றே ஒரு வேண்டுதல் வைத்தாள். ஒசாகாவில் இருக்கும் தங்கச்சி முப்பத்தோரு வருஷம் கழித்து வருகிறாள், சரியாகப் பதினாறாம் நாள் சனிக்கிழமை. அவளை இந்தக் கட்டிலில் கிடந்து பார்க்கக்கூடாது. சொந்த வீட்டில், நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வேளைச் சோறு அவளோடு சேர்ந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

"அடங்கிடும்மா. வலியைக் குறைச்சு நாலு பாகத்துக்குக் கொண்டுவந்துட்டா, தாராளமாப் போயிட்டு வரலாம்" என்றார் டாக்டர்.

மறுநாள் காலை சுற்று. மல்ஜா, "மூணு." ஒக்நிம், "ரெண்டு."

டாக்டருக்கு ஆச்சரியம். முதுகெலும்பு நோய்க்கு ரெண்டா? மருந்து நன்றாகப் பிடித்திருக்கிறது! அப்படியே தொடரச் சொன்னார். மாலையில் மல்ஜாவுக்கு வயிறு உப்பிக்கொண்டு, "அஞ்சு" என்றாள். ஒக்நிம், "நாலு." மறுநாள் மல்ஜா நாலு, ஒக்நிம் மூணு. பத்து நாள் இப்படியே. டாக்டர் வரைந்த படத்தில் இரண்டு கோடுகள் கைகோத்துக்கொண்டு போவதுபோல ஏறி இறங்கின. ஒரே மருந்து, இரண்டு வேறு நோய், ஒரே மாதிரி பலன். வெள்ளிக்கிழமை நகரத்தில் டாக்டர்கள் கூட்டம். அங்கே காட்டப்போவதாகச் சொன்னார். சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார்.

ஹிஜங்குக்கு என்னவோ உறுத்தியது. அவளும் வெளியூரிலிருந்து இந்தத் தீவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்தான். எது உறுத்துகிறது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

சொன்னது தல்சுன். திங்கட்கிழமை மத்தியானம், சாப்பாட்டு அறையில் முள்ளங்கி வைத்துச் சுருட்டிய தோசையைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, தோசை ஏதாவது பேசுதா?"

"நான் ஒரு மடச்சி, ஹிஜங்கு."

"அது தெரிஞ்சதுதானே. புதுசா என்ன?"

தல்சுன் சிரிக்கவில்லை. "இன்னிக்கு ஒக்நிமுக்குத் தலை அலசினேன். தலையைத் தூக்கினப்ப மூச்சை அடக்குனா. இறக்கினப்புறம் விட்டா. சீழ்க்கை வந்துச்சு. தண்ணிக்கு அடியிலேர்ந்து மேல வந்தா மூச்சு சீழ்க்கையா வெளிய வரும், உனக்குத் தெரியும்ல? ரெண்டு பாகம் போயிட்டு வந்தா 'ஃபூ'ன்னு வரும். இது அது இல்ல. நீளமா... எட்டு, ஒன்பது பாகத்துச் சீழ்க்கை. எனக்கு ஒரு காதுதான். அந்த ஒரு காதுலயே கேட்டுச்சு."

"அப்ப ஏன் ரெண்டுங்கறாங்க?"

"கடைசி வரிசைக்காரிடி அவ! முதல் வரிசைக்காரி மூணுன்னு சொன்னப்புறம், அவளைத் தாண்டி ஆழமாப் போனேன்னு எந்த வாயால சொல்லுவா? நாங்க கடல்ல ஒரு நாள் அப்படிச் சொன்னது கிடையாது. நானே சொல்லமாட்டேன். அது தெரிஞ்சும் பாகத்துல கேளுங்கன்னு வாயை விட்டேன் பாரு. பெருமை வேற."

பத்து நாளாக அந்த அம்மாள் எட்டுப் பாகத்தில் கிடந்திருக்கிறாள். நோட்டில் இரண்டு மூன்று என்று ஹிஜங்கின் கையெழுத்திலேயே இருக்கிறது. சனிக்கிழமைக்கு ஐந்து நாள்.

"டாக்டர்கிட்ட இப்பவே சொல்லிடறேன்."

"சொல்லு. ஆனா அவரு வந்து அறை நடுவுல நின்னு, 'உண்மையைச் சொல்லுங்கம்மா'ம்பாரு. அவ சிப்பி மாதிரி மூடிக்குவா. முதல்ல நீ தனியாக் கேளு."

ஹிஜங் போய், கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, குனிந்து மெல்லக் கேட்டாள். "ஒக்நிம் அக்கா, உங்க வலியை மட்டும் சொல்லுங்க. எத்தனை பாகம்?"

ஒக்நிம் அவளைவிட மெல்லக் கேட்டாள். "மல்ஜாக்கா இன்னிக்கு எவ்வளவு சொன்னாங்க?"

திரையைத் திறந்துகொண்டு வந்த ஹிஜங்கின் முகத்தைப் பார்த்தே தல்சுன் புரிந்துகொண்டாள். நகம் வெட்டியை எடுத்தாள். ஒக்நிமை எக்ஸ்ரே எடுக்க அந்தப் பக்கம் கொண்டுபோகும்வரை காத்திருந்து, மல்ஜாவின் காலடியில் போய் உட்கார்ந்தாள். ஹிஜங் பக்கத்தில் படுக்கை விரிப்பை மாற்றுவதுபோல நின்றாள்.

"மல்ஜாக்கா, ஒரு விஷயம். ஒக்நிம் இருக்காள்ல..."

"நாலு நாளாக் கேட்டுக்கிட்டுத்தான் கெடக்கேன்" என்றாள் மல்ஜா, கண்ணைத் திறக்காமல். "எனக்கு ரெண்டு காதும் நல்லாருக்கு. அது எந்தக் கடல்ல ரெண்டு பாகத்துச் சீழ்க்கை?"

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?"

"எவளாவது வந்து கேட்டீங்களா? நீதான் பெரிய இவளாச்சே, பாகத்துல அளந்து குடுத்தவ, நீ வருவேன்னு பாத்தேன். வலது கால் கட்டை விரலை ஒட்ட வெட்டாதே."

"அக்கா, நீங்க ஒரு வார்த்தை அவகிட்டச் சொல்லுங்க, பரவால்லடி சொல்லுன்னு."

"சொன்னா கேப்பாளா? இன்னும் மூடிக்குவா. நீ வெட்டு, நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று சொல்லவில்லை. அன்று மாலை தல்சுன் பழையபடி கடைசி பெஞ்சுக்கே போய்விட்டாள். ஜெபமாலையை இரண்டு சுற்று உருட்டினாள் என்று சிஸ்டர் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் வந்தார். ஹிஜங் விஷயத்தை முந்தினநாளே சொல்லியிருந்தாள். அவர் பாதி நம்பினார், பாதி நம்பவில்லை. கோடு அவ்வளவு அழகாக வந்திருந்ததே. எப்போதும்போல மல்ஜாவிடம்தான் முதலில் கேட்டார்.

"எத்தனை பாகம்மா?"

மல்ஜா கையில் சூப் கிண்ணம். ஒரு வாய் குடித்து, கடற்பாசியை மென்று விழுங்கிவிட்டு, அறை அதிர, "பத்து!" என்றாள்.

டாக்டர் நிமிர்ந்தார். "பத்தா?"

"பத்து. தரை தட்டிட்டேன். அதுக்குக் கீழ இனிக் கடலே இல்ல." இன்னொரு வாய் சூப் உள்ளே போனது.

டாக்டர் அவசரமாகக் குறிப்பு எழுத ஆரம்பித்தார். ஹிஜங் அவர் முழங்கையைத் தொட்டாள். "கொஞ்சம் இருங்க சார். பக்கத்துக் கட்டில்ல கேளுங்க முதல்ல."

டாக்டர் திரும்பினார். "ஒக்நிம்மா, உங்களுக்கு?"

ஒக்நிம் மல்ஜாவைப் பார்த்தாள். மல்ஜா கிண்ணத்துக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தல்சுன் ஈரத் துணியோடு வாசலில் அப்படியே நின்றாள். ஒக்நிமின் நெஞ்சு ஏறி நின்றது. அப்புறம் மூச்சு வெளியே வந்தது, நீளமாக, சீழ்க்கையாக.

"ஒன்பது" என்றாள். கண்ணில் தண்ணீர் இறங்கியது. "பத்து நாளா ஒன்பதுதான் டாக்டரய்யா. உக்காந்தா முதுகுல ஈட்டியை இறக்குற மாதிரி இருக்கு."

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மல்ஜா பக்கம் திரும்பி, "உங்களுக்கும் மருந்தை..." என்று ஆரம்பித்தார்.

"எனக்கு எதுக்கு? எனக்கு மூணுதான். மீதி ஏழு அவளுக்கு."

"என்னது?"

"அவ வலையில ஒரு கை அள்ளிப் போட்டேன், டாக்டர் தம்பி. அதுல உங்களுக்கு என்ன வந்துச்சு? எழுதுங்க அவளுக்கு."

டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "அப்ப என் பத்து நாள் கணக்கு?"

"அந்தத் தாளைக் கொண்டுபோய் மீன் பொட்டலம் கட்டுங்க" என்றாள் மல்ஜா.

அவர் கோபித்துக்கொள்ளப் போகிறார் என்றுதான் ஹிஜங் நினைத்தாள். அவர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது. சிரிக்கிறார் என்று தெரிந்ததும் நாலு கட்டிலும் சேர்ந்துகொண்டது. சிரித்ததில் ஒக்நிமுக்கு முதுகு வலித்து, "ஐயோ ஒன்பதரை" என்றாள். அதற்கும் சிரித்தார்கள்.

அன்றே மற்ற இரண்டு பேரையும் தனித்தனியாக மறுபடி கேட்டார்கள். ஒருத்தி ஆறு என்று சொன்னது உண்மை. இன்னொருத்தி, "ஒரு அரைப் பாகம் குறைச்சுச் சொன்னேன், மரியாதைக்கு" என்று ஒத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு டாக்டர் அந்த இரட்டைக் கோட்டைக் கொண்டுபோகவில்லை. அதற்குப் பதிலாக ஏன் கொண்டுவரவில்லை என்பதைச் சொன்னாராம்.

ஒக்நிமின் மருந்தைக் கூட்டினார்கள். நரம்பு வலிக்கென்று இன்னொரு மாத்திரை சேர்ந்தது. புதனன்று ஏழு. வியாழனன்று ஆறு, ஆனால் வயிறு கட்டிக்கொண்டது, தல்சுன் உலர்ந்த பழத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுத்து, கழிப்பறை வாசலில் காவல் நின்று, "ஆச்சா? ஆச்சா?" என்று வார்டு முழுக்கக் கேட்கக் கத்தினாள். வெள்ளியன்று நாலு. சீழ்க்கையையும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஹிஜங் நாலு என்று எழுதினாள்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரி வண்டியில் ஒக்நிமோடு ஹிஜங்கும் தல்சுனும் போனார்கள். கருங்கல் அடுக்கிய சுவருக்குள் சின்ன வீடு. சாய்வு நாற்காலியில் மூன்று தலையணை வைத்து உட்காரவைத்தார்கள். தங்கச்சி வந்தாள், சுருட்டை முடியும் கை நிறைய இனிப்புப் பெட்டியுமாக. பாதிப் பேச்சு ஜப்பான் பேச்சாக வந்தது. அக்காவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி நிக்கற? மீன் ஆறுது" என்றாள் ஒக்நிம்.

ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மீனில் நடுத்துண்டைத் தங்கச்சிக்கு வைத்தாள். தான் தலையைச் சப்பினாள். சின்ன வயதில் யார் யாருடைய செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியது என்று இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். ஒரு தடவை ஒக்நிமின் முகம் வெளுத்தது. தல்சுன் உடனே எழுந்து, "அப்பப்பா, இந்த வீட்டுல என்ன புழுக்கம்!" என்று தொப்பியைக் கழற்றினாள். கடற்காற்றில் சன்னல் கதவு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஹிஜங் மருந்துப் புட்டியைத் திறந்தாள்.

ஒக்நிம் மூன்று வாரம் கழித்துப் போனாள், தூக்கத்தில். மல்ஜா அதற்கு அடுத்த மாதம்.

டாக்டரின் ஆராய்ச்சி அச்சில் வந்தபோது அதில் ஓரிடத்தில் எழுதியிருந்தார்: நோயாளி வலியை எதனோடு ஒப்பிட்டுப் பழகியிருக்கிறாரோ அதைக் கொண்டு கேட்க வேண்டும், தனித்தனியாகக் கேட்க வேண்டும், சொல்வதோடு காதாலும் கேட்க வேண்டும் என்று. கடைசியில் நன்றி சொல்லும் வரியில் தல்சுனின் பெயர் இருந்தது. ஹிஜங் விரலை வைத்துக் காட்டினாள்.

"இவ்வளவு குட்டியாவா?" என்றாள் தல்சுன். "எறும்புகூட இதைவிடப் பெரிசு." ஆனாலும் அந்தத் தாளை மடித்து, ஜெபமாலை இருந்த பையில் வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஆறு வருஷம் வேலை பார்த்தாள். எழுபத்து நாலு வயதில் அவளுக்கும் வயிற்றில் வந்தது, புருஷனுக்கு வந்த அதே இடத்தில். இரண்டாம் நம்பர் அறை, சன்னலோரக் கட்டில். தரை துடைக்கிற புதுப் பெண்ணுக்குப் படுத்தபடியே மூலை முடுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள். இப்போது அறையில் முக்குளித்தவள் அவள் ஒருத்திதான். ஹிஜங் திரையை இழுத்தால், "எதுக்கு? நான்தான் இங்க முதல் வரிசை. கடைசியும் நான்தான்" என்பாள்.

அவள் சொல்கிற பாகத்தை எழுத ஹிஜங்குக்கு மட்டும் கை வராது. பிப்ரவரி மாதத்தில் வேர்க்கிறது என்று சாதித்தவள் அல்லவா? பக்கத்தில் இருக்கிறவர்கள் மனம் நோகக்கூடாது என்றால் அவள் எதையும் சொல்வாள். அதனால் எழுதுவதற்கு முன் ஹிஜங் எப்போதும் ஒரு நிமிஷம் சும்மா நிற்பாள்.

அன்றும் நின்றாள். மத்தியானம் மூன்று மணி, வெளியே மழை. வேலை முடிந்து கிளம்புகிற நேரம், மறுநாள் அவளுக்கு லீவு. சிஸ்டர் காலையில் நற்கருணை கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தல்சுனின் கை வெதுவெதுப்பாக இருந்தது. ஹிஜங் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, "எத்தனை பாகம்க்கா?" என்றாள்.

"ரெண்டு."

ஹிஜங் எழுதவில்லை. தல்சுன் அவள் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பழைய குறும்பு கண்ணில் எட்டிப் பார்த்தது.

"நெசமாவே ரெண்டுதான்டி. இது வேர்வைக் கதை இல்ல. நம்பலைன்னா குனிஞ்சு காதைக் குடு... சீழ்க்கை கேக்குதா? இல்லல்ல? அப்ப எழுதிட்டுக் கிளம்பு, உன் புருஷன் பஸ் ஸ்டாப்புல நனைஞ்சுக்கிட்டு நிப்பான்."